ஆறுக்கும் மூன்றுக்கும் நடுவில்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரும் குறுக்குக் கேள்வி கேட்கக்கூடாது. போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு தச்சர் என் அறையில் நின்றுகொண்டு, மலிவான ஒரு கால்குலேட்டரில் ஆறு பொத்தான்களை அழுத்தினார். அழுத்திவிட்டு ஓர் எண்ணைச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டேன். "என்ன சார், தலை சுத்துதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவ்வளவுதான் நடந்தது.

அந்த எண்ணை இப்போது சொல்லமாட்டேன். சொன்னால் கதை இங்கேயே முடிந்துவிடும். எனக்கோ இன்னும் கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. எழுதாவிட்டால் இன்னொரு வேலையைச் செய்தாக வேண்டும். அந்த வேலைக்குப் பயந்துதான் இந்தக் கதை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"ஒரு நகரத்தில் விடை சரிபார்ப்பவன் ஒருவன் இருந்தான். அவனுக்கு யாரும் இல்லை. அவனிடம் ஒரு சிவப்புப் பேனாவும்"

[இதோடு விட்டுவிட்டேன். 'அவனுக்கு யாரும் இல்லை' என்று எழுதும்போதே கை கூசியது. யாரையோ விட்டுவிட்டு வந்தவன் என்றால் பொருந்தும். அதற்குள் அந்தச் சிவப்புப் பேனா வேறு குறுக்கே வந்து நிற்கிறது.]

இரண்டாவது தொடக்கம் கட்டுரை மாதிரி:

"எண்களுக்கு இடையில் உள்ள உறவைச் சொல்வது குறி. எண்களை எழுதிவைத்துவிட்டுக் குறிகளை மட்டும் அழித்துவிட்டால்"

[இதையும் விட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.]

ஆக, நேராகவே சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கான கணக்குப் பயிற்சிப் புத்தகங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் விடைகள் இருக்கும். அந்த விடைகள் சரியா என்று பார்ப்பவன் நான். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. அதிலும் 'கட்டங்களில் சரியான குறியை இடுக' என்ற பகுதி என்னுடைய தனி ராஜ்ஜியம். எண்கள் இருக்கும், விடை இருக்கும், நடுவில் வெறும் கட்டங்கள் இருக்கும். கூட்டலா, கழித்தலா, பெருக்கலா, வகுத்தலா என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். இந்த ராஜ்ஜியத்தில் இரண்டே சட்டங்கள். ஒன்று, பெருக்கலும் வகுத்தலும் முதலில், கூட்டலும் கழித்தலும் பிறகு. இரண்டு, ஒரு கணக்குக்கு ஒரே விடைதான் இருக்கவேண்டும். இரண்டு விடை வந்தால் ஓரத்தில் 'மாற்றுக' என்று எழுதுவேன். ஒன்றும் வராவிட்டால், 'விடை இல்லை. கணக்கு தப்பு.' கையெழுத்துப் போடுவது மாதிரி, யோசிக்காமலே எழுத வரும்.

தச்சர் வந்துபோன மறுநாள், பதிப்பகத்தில் புத்தகப் பக்கங்களை வடிவமைக்கிற பெண் போனில் அழைத்தார்.

"சார், நாப்பத்திரெண்டாம் பக்கம் ஏழாவது கணக்கப் பாத்தீங்களா?"

8 □ 2 □ 3 = 7. பார்த்துவிட்டதாகச் சொன்னேன். "எட்டை ரெண்டால வகுத்து மூணைக் கூட்டினா ஏழு. சரியாத்தானே இருக்கு?"

"எட்டும் ரெண்டும் பத்து. பத்துல மூணு போனாலும் ஏழுதானே சார்."

அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். என் சட்டத்தின்படி அது என் கண்ணில் முதல் பார்வையிலேயே பட்டிருக்க வேண்டும்.

"உடம்புக்கு முடியலையா சார்? உங்ககிட்ட இருந்து இப்படி ஒண்ணு வந்ததே இல்லையே."

"கவனம் கொஞ்சம் செதறிடுச்சு."

"வீட்ல கூட யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க," என்றேன்.

"அப்ப சரி," என்று வைத்துவிட்டார். போனை வைத்த பிறகு அறையை ஒரு சுற்றுப் பார்த்தேன். மேசை, நாற்காலி, ஒரு கட்டில், கொடியில் இரண்டு சட்டை. இருக்கிறார்கள் என்று யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

4

மூன்றாம் பகுதி எங்கே என்று புரட்டிப் பார்க்காதீர்கள். எழுதினேன், எடுத்துவிட்டேன். இல்லாமலே ஒப்பேற்ற முடியுமா என்று பார்க்கிறேன்.

கதையில் இன்னோர் ஆள் வேண்டும். முதல் பிரதியில் அவரை ஒரு பழைய நண்பராக வைத்தேன். சரிப்பட்டு வரவில்லை. நண்பர் என்றால் இந்நேரம் வீடு தேடி வந்து நாலு திட்டு திட்டியிருப்பார். அடுத்த பிரதியில், பயிற்சிப் புத்தகத்தில் தப்பு கண்டுபிடித்துக் கடிதம் எழுதும் முகம் தெரியாத ஒரு பெண்மணியாக மாற்றினேன். அவருக்கு நான் எழுதிய பேச்சு எல்லாம் எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு குரலில் வந்து நின்றது. சரி, சுற்றி வளைப்பானேன். அது என் அக்கா.

அக்கா தையல்காரி. உடுப்பு தைப்பதில்லை. சன்னல் திரை, தலையணை உறை, படுக்கை விரிப்பு, இவைதான். தையல் மெஷினுக்கு வலப்பக்கம் கத்தரிக்கோல், இடப்பக்கம் கால்குலேட்டர். அவள் வீட்டுக்காரர், என் மாமா, எனக்கு 'விடைத்தாள்' என்று பேர் வைத்திருந்தார். "என்ன விடைத்தாள், இன்னைக்கு எத்தனை கணக்கை ஃபெயிலாக்கின?" என்பதுதான் அவர் நலம் விசாரிக்கும் முறை.

நாலு வருடத்துக்கு முன்பு என் மனைவி என்னை விட்டுப் போனாள். (காரணம் இந்தக் கதைக்குத் தேவையில்லை என்றுதான் எழுதியிருந்தேன். தேவைதான். கிளம்பும்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "உங்ககிட்ட எதைச் சொன்னாலும், அதுல தப்பு எங்கே இருக்குன்னு மட்டும்தான் பாக்குறீங்க." அந்த வாக்கியத்திலும் நான் தப்பு தேடினேன்.) அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன், எப்படி, இனி என்ன என்று எதுவுமே கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை என் போனுக்கு ஒரு செய்தி வந்தது.

4 □ 9 □ 6 = 42

வேறு ஓர் எழுத்துகூடக் கிடையாது. அப்போது நான் மூன்று நாளாகப் படுக்கையை விட்டு ஒழுங்காக எழுந்திருக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, "×, +" என்று அனுப்பினேன். பதிலுக்கு "ம்" என்று வந்தது. அன்றைக்குக் குளித்தேன்.

அதன்பிறகு ஏறக்குறைய மூன்று வருடம் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. ஒருமுறை போனில் கேட்டேன்.

"எங்கருந்துக்கா எடுக்குற இந்த நம்பரெல்லாம்?"

"மெஷின்ல என்ன கிடக்கோ அதான். நாலு தலையணை உறை, உறைக்கு ஒம்பது அடி சுருக்குத் துணி, கையில கூடுதலா ஆறு அடி. உக்காந்து யோசிக்க எனக்கு நேரமேது?"

"சும்மா தோணுறதப் போடுறேன்னு நெனச்சேன்."

"தோணுறதப் போட நான் என்ன கதையா எழுதுறேன்? சாப்பிட்டியா?"

"ம்."

"சரி, வை."

போனில் பேசவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். மேலே இருப்பதுதான் எங்கள் போன் பேச்சிலேயே நீளமானது. எங்கள் வீட்டில் யாருக்கும் பேச வராது. தம்பி உயிரோடு இருக்கிறானா, எழுந்துவிட்டானா என்று அக்கா பார்த்துக்கொண்ட விதம் அந்தக் கணக்குகள். நானும் பதிலுக்கு

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. பதிலுக்கு நான் என்ன செய்தேன் என்பது மூன்றாம் பகுதியில் இருக்கிறது. இல்லாமல் ஒப்பேற்ற முடியாது போலிருக்கிறது.]

3

மாமா போன வருடம் இறந்துபோனார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் காலையில் போய்ச் சேர்ந்தேன். எல்லாம் முடிந்து சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அக்கா வாசல் கேட் வரைக்கும் வந்தாள்.

"இருந்துட்டுப் போயேன்டா. அவ்ளோ பெரிய கட்டில்ல நான் ஒருத்தி எப்படிப் படுப்பேன்?"

"புத்தகம் அச்சுக்குப் போகணும்க்கா. முடிச்சுக் குடுத்துட்டு வந்துடுறேன்."

முடித்துக் கொடுத்தேன். போகவில்லை. அடுத்த புத்தகம் வந்தது, அதற்கடுத்தது வந்தது. உண்மையைச் சொன்னால், அழுகிற ஒருவர் பக்கத்தில் எப்படி உட்கார்வது என்று எனக்குத் தெரியாது. புத்தகம் ஒரு சாக்கு.

ஆறு ஞாயிறு எந்தக் கணக்கும் வரவில்லை. ஏழாவது ஞாயிறு வந்தது.

6 □ 3 □ 2 = 18

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா. அக்கா தேறிவிட்டாள் என்று நினைத்தேன். மேசையில் நூற்றுப்பதினெட்டுப் பக்கம் திருத்தக் கிடந்தது, அதைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு கட்டம், நாலு குறி, ஆக மொத்தம் பதினாறு வழி. இரண்டிலும் பெருக்கல் போட்டால் முப்பத்தாறு. பெருக்கிக் கூட்டினால் இருபது, பெருக்கிக் கழித்தால் பதினாறு. கூட்டல் போட்டுப் பெருக்கல் போட்டால், பெருக்கல்தானே முதலில், மூவிரண்டு ஆறு, ஆறும் ஆறும் பன்னிரண்டு. பதினாறு வழியையும் பார்த்தேன். ஒன்றில்கூடப் பதினெட்டு வரவில்லை.

அப்புறம் என் கை அதுபாட்டுக்கு எழுதியது.

"விடை இல்லை. கணக்கு தப்பு."

படித்துவிட்டாள் என்பது போனில் தெரிந்தது. "ம்" வரவில்லை. அடுத்த ஞாயிறும் எதுவும் வரவில்லை. அதற்கப்புறம் இன்றுவரை வரவில்லை. பதினோரு மாதம் ஆகிறது. முதலில் கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். பிறகு, துக்கத்தில் எண்களை மாற்றிப் போட்டிருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் இத்தனை மாதம் கழித்துப் பேச வெட்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனைக் கவிழ்த்து வைக்கப் பழகிக்கொண்டேன்.

5

இப்போது தச்சர் வரலாம்.

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் இருக்கிறது. கதைக்குத் தேவையான நேரத்தில், தேவையான அளவுகோலோடு ஓர் ஆள் வந்து நிற்பாரா? இன்னொருத்தர் எழுதியிருந்தால் ஓரத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பேன். ஆனால் அவர் வந்தது என் கட்டிலின் ஓரம் பிய்ந்து சிலாம்பு சிலாம்பாக நின்றதால்தான். போன வாரம் ஒன்று விரலில் ஏறி, நகத்துக்கடியில் உடைந்துவிட்டது. மனைவி என்னை விட்டுப் போன அதே மாதம் நான் வாங்கிய மலிவுக் கட்டில் அது. பழைய கட்டிலை அவளே எடுத்துப்போய்விட்டாள். நியாயம்தான், அவள் வீட்டில் கொடுத்தது. நான் ஒற்றைக் கட்டில் வாங்கினேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை.

தச்சர் டேப்பை நீட்டி நீளம் பார்த்தார், அகலம் பார்த்தார்.

"ஒத்தைக் கட்டில். ஆறு, மூணு. எல்லாம் இந்த அளவுலதான் வரும். நாலு பக்கமும் பட்டி அடிக்கணுமா சார், சுவர்ப்பக்கம் விட்டுடலாமா? அந்தப் பக்கமா யாரும் ஏறி எறங்கப் போறதில்லையே."

"நாலு பக்கமும் அடிங்க," என்றேன். ஏன் அப்படிப் பிடிவாதமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்தார். "ஆறும் மூணும் கூட்டி, ரெண்டால பெருக்கினா... பதினெட்டு. பதினெட்டு அடி பட்டி வேணும்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"பதினெட்டு அடி சார்." கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார். ஆறு, கூட்டல், மூன்று, பெருக்கல், இரண்டு, சமம் என்று என் கண்முன்னாலேயே மறுபடி அழுத்தினார். பதினெட்டு.

"பெருக்கலை முதல்ல செய்யணுமே," என்றேன். "பன்னெண்டுதானே வரணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கேலியாக இல்லை, கொஞ்சம் கவலையாகத்தான். "பன்னெண்டு அடிப் பட்டிய வச்சு இந்தக் கட்டிலைச் சுத்த முடியாது சார்."

அப்போதுதான் உட்கார்ந்தேன்.

மலிவுக் கால்குலேட்டருக்கு என் சட்டம் தெரியாது. இடமிருந்து வலமாக, அழுத்துகிற வரிசையிலேயே அது போய்க்கொண்டிருக்கும். அக்காவின் மெஷினுக்கு இடப்பக்கம் கிடப்பதும் அதே சாதிதான். அவள் எண்களை யோசித்துப் போடுவதில்லை, மெஷினில் கிடக்கும் துணியிலிருந்து எடுக்கிறாள். அன்றைக்கு மெஷினில் ஆறடிக்கு மூன்றடி விரிப்பு ஒன்று கிடந்திருக்கிறது. அதற்கு நாலு பக்கமும் ஓரம் அடிக்கப் பதினெட்டு அடித் துணி வேண்டும். பெரிய கட்டிலைக் கொடுத்துவிட்டு ஒற்றைக் கட்டில் வாங்கியிருக்கிறாள். தனக்கு, தானே, முதல் விரிப்பைத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதைச் சொல்ல அவளுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. சொன்னாள். கணக்கு தப்பு என்றேன்.

(யாருக்கோ தைத்துக் கொடுத்த விரிப்பாகவும் இருக்கலாமே என்று சரிபார்ப்பவன் உள்ளேயிருந்து கேட்கிறான். இருக்கலாம். அவனை இன்று ஒரு நாள் வெளியே நிறுத்திவைத்திருக்கிறேன்.)

தச்சர் போனபின் பழைய செய்திகளை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். பெரும்பாலானவை அவள் வழியிலும் என் வழியிலும் ஒரே விடை தருபவை. ஓரிடத்தில் மட்டும் நின்றேன். 5 □ 1 □ 2 = 8. நான் "+, +" என்று அனுப்பியிருக்கிறேன். ஐந்தும் ஒன்றும் இரண்டும் எட்டு. அவள் மெஷினில் இருந்தது வேறாக இருக்கவேண்டும்: ஐந்தடித் திரை, ஓரடி வெட்டியாயிற்று, சன்னல் இரண்டு. கழித்தல், பெருக்கல். இரண்டு குறியுமே நான் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். அக்கா "ம்" என்று மட்டும் அனுப்பியிருக்கிறாள்.

அவள் ஒருமுறைகூட எனக்குத் தப்பு போட்டதில்லை. அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். எழுத்தில் நாசூக்காக மறைக்கலாம், வேண்டாம்.

6

முடிவுகள் மூன்று எழுதிப்பார்த்தேன்.

முதல் முடிவில் நான் "+, ×" என்று அனுப்புகிறேன், பதினோரு மாதம் தாமதமாக. உடனே "ம்" வருகிறது. எல்லாம் சரியாகிவிடுகிறது. இதை அடித்துவிட்டேன். விடையை மட்டும் அனுப்புவது மறுபடியும் விடைத்தாள் வேலைதான். நான் கண்டுபிடித்துவிட்டேன் பார் என்று காட்டுவதற்கா இவ்வளவும்?

இரண்டாவது முடிவில் பையைத் தூக்கிக்கொண்டு நேரே போகிறேன். கேட்டைத் திறக்கிறாள். உள்ளே ஒற்றைக் கட்டில், பூப்போட்ட விரிப்பு, நாலு பக்கமும் ஓரம். "வந்துட்டியா" என்கிறாள். எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதனாலேயே நம்பவில்லை. போய் நின்று என்ன பேசுவேன் என்று எனக்குத் தெரியும். "பஸ்ல கூட்டமே இல்லக்கா" என்பேன்.

மூன்றாவது முடிவில் அக்காவின் போன் எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. இதை எழுதியவன் கோழை. எதையும் செய்யாமல் இருக்க நல்ல முடிவு இது ஒன்றுதான்.

7

ஒன்றை உங்களிடமிருந்து மறைத்துவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் ஐந்தாம் பகுதியை முடித்துவிட்டு ஆறுக்கு வந்தீர்களே, அந்த இடைவெளியில் நான் அக்காவுக்கு ஒரு கணக்கு அனுப்பிவிட்டேன். ஆறாம் பகுதி முழுவதும், அனுப்பியபிறகு பதிலுக்குக் காத்திருந்த நேரத்தைப் போக்க எழுதியது.

6 □ 3 □ 2 □ 2 = 36

என் சட்டப்படி இதற்கு விடை கிடையாது. அறுபத்துநான்கு வழியையும் போட்டுப் பார்த்துவிட்டேன், பழக்கதோஷம். அவள் கால்குலேட்டரில் மட்டும்தான் இது வரும். ஒரே ஒரு விடைதான் வரும். ஆறடி, மூன்றடி, நாலு பக்கமும் ஓரம். அப்படி இரண்டு கட்டில். ஒன்று அவளுடையது, இன்னொன்று என்னுடையது. எனக்கும் ஒற்றைக் கட்டில்தான் அக்கா என்று நாலு வருடமாகச் சொல்லாததை இப்படித்தான் என்னால் சொல்ல முடிந்தது.

அவள் குறிகளை அனுப்பலாம். ஒன்றும் அனுப்பாமலும் இருக்கலாம், அதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது. "கணக்கு தப்பு" என்று அனுப்பினாலும் அனுப்புவாள். அனுப்பினால் நான் "ம்" என்று போடுவேன். அதை மட்டும் அவளிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறேன்.

மூன்று கட்டங்களையும் உங்களிடம் காலியாகவே தருகிறேன். எந்தச் சட்டமும் பார்க்காமல், வருகிற வரிசையிலேயே நிரப்பிக்கொண்டு போங்கள். அக்கா என்ன செய்தாள் என்பதையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். போன் மேசையில் முகம் மேலாக இருக்கிறது. பதினோரு மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை அதைத் திருப்பி வைத்திருப்பது இதுதான் முதல் தடவை. பதில் வரும்வரை எழுதிக்கொண்டே இருக்கலாம் என்றுதான் உத்தேசம். அடுத்த பகுதியில் என் மனைவியைப் பற்றி, அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் தப்பே இல்லை என்பதைப் பற்றி, கொஞ்சம் விரிவாக

[போன் அதிர்ந்தது. இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும்.]